எம்.ஜி.யின் ஐந்து சக்கரங்கள்

உப்பளம், புதுச்சேரி
18 பிப்ரவரி 2024

திருமதி சபின் அவர்களுக்கு,

ழான்-மரியின் மனைவி மாலா எழுதுகிறேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் உடல் சுகத்தோடு இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய அனுதாப அட்டை போன வாரம் கிடைத்தது. உறைக்குப் பின்னால் இருந்த துலூஸ் விலாசத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்கள் பப்பாவின் எம்.ஜி. காரைப் பற்றியது. பப்பாவுக்குப் பிறகு வண்டி உங்கள் பெயரிலும் இவர் பெயரிலும் இருக்கிறது. கோயம்புத்தூரில் நிலவன் என்று ஒரு டாக்டர். பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அவருக்கு உயிர். இந்த வண்டியைக் கேட்டு உங்கள் அண்ணனிடம் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார். இப்போதும் கேட்கிறார். விற்பதென்றால் உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

ஆனால் வண்டி கட்டையின் மேல் நிற்கிறது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரத்தையும் இவர் கழற்றிவிட்டார். கடல் காற்றில் சக்கரக் கம்பியெல்லாம் துருவேறிக் கிடந்தது. எல்லாவற்றையும் சுரண்டி, கோணல் எடுத்து, புதிதாகப் பெயிண்ட் அடித்து மாட்டினால்தான் வண்டியைப் பார்க்கவே முடியும் என்றார். ஒரு சக்கரத்தை மடியில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தவர், "மாலா, கொஞ்சம் தண்ணி குடும்மா"ன்னு கேட்டார். நான் சொம்போடு வந்தபோது சக்கரத்தின் மேலேயே சாய்ந்திருந்தார்.

அந்த வேலையை முடித்துவிட்டு விற்கலாமா, அப்படியே கொடுத்துவிடலாமா என்று எழுதுங்கள். எனக்கு முடிக்க வேண்டும் என்று இருக்கிறது.

இப்படிக்கு,
மாலா

*

துலூஸ்
14 மார்ச் 2024

திருமதி மாலா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். பிள்ளைகள் இருவரும் வேறு ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் நலம்.

காரை இருக்கிற நிலையிலேயே கொடுத்துவிடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. வாங்குகிறவர் சக்கரத்தைப் பார்த்துக்கொள்வார். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை அனுப்புங்கள்.

என் தமிழ் பள்ளிக்கூடத் தமிழ். போனில் பேசினால் திக்குகிறது. ஆகவே எதுவானாலும் எழுதவும்.

ஒன்று மட்டும். சக்கரத்தை யார் தொட்டாலும் குரோம் பூசவிட வேண்டாம். பளபளவென்று இருக்கும், ஆனால் பூசுவதற்கு முன்னால் ஆசிட்டில் ஊறப்போடுவார்கள். கம்பி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பப்பா எப்போதும் வெள்ளி நிறப் பெயிண்ட்தான் அடிப்பார்.

அண்ணனைப் பப்பா, மமா பக்கத்தில்தானே அடக்கம் செய்தீர்கள்? எங்கள் சித்தப்பா மகன் லூதோவிக், அண்ணன் இறந்துவிட்டான் என்ற செய்தியை மட்டும்தான் சொன்னான். இதை எழுதவும்.

சபின்

*

உப்பளம்
7 ஏப்ரல் 2024

சபின் அவர்களுக்கு,

கடிதம் கண்டேன். அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே இப்போதே வெயில் தாங்கவில்லை. கல்லூரி லேபில் பரீட்சை வேலை நடக்கிறது. லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வீடு வருவதற்குள் தலை கொதித்துவிடுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

டாக்டருக்கு அவசரம் இல்லையாம். "நீங்க நிதானமாப் பாருங்க, குரோம் மட்டும் பண்ணிட்டா நல்லாருக்குமுங்க"ன்னு போனில் சொன்னார். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "அப்ப பெயிண்ட்டே இருக்கட்டுமுங்க" என்றார்.

இங்கே புல்லட் சக்கரங்களுக்குக் கோணல் எடுக்கிற வினோத்குமார் உதவி செய்கிறேன் என்று வந்திருக்கிறார். இவருக்குப் பழக்கமானவர். ஆனால் கார் சக்கரம் அவருக்குப் புதிது. நானும் அவரும் சேர்ந்துதான் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு சக்கரத்தைச் சுரண்டினோம். பழைய பெயிண்ட் நாலு தோலாக வருகிறது.

எனக்கு ஒரு குழப்பம். ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எது எந்த மூலையில் இருந்தது என்று தெரியவில்லை. எதை எங்கே மாட்டினாலும் ஒன்றுதானா? சக்கரத்தின் நடுவில் அச்சு நுழைகிற குடத்துக்குள் பல் பல்லாக இருக்கிறதே, அது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி தேய்ந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?

மாலா

*

துலூஸ்
2 மே 2024

மாலா அவர்களுக்கு,

உடல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் பகல் ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு மாறியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் போதவில்லை. தூக்கம் இன்னும் பிடிபடவில்லை.

எங்கே வேண்டுமானாலும் மாட்டக்கூடாது. அந்தப் பற்கள் அச்சில் இருக்கிற பற்களோடு சேர்ந்து தேய்ந்தவை. இடம் மாறினால் ஆட்டம் கொடுக்கும், ஓட ஓட மழுங்கிவிடும். குடத்தின் உள்விளிம்பை நன்றாகத் துடைத்துப் பாருங்கள். பப்பா அரத்தால் வெட்டுப் போட்டிருப்பார். முன் இடதுக்கு ஒன்று, முன் வலதுக்கு இரண்டு, பின் இடதுக்கு மூன்று, பின் வலதுக்கு நான்கு. ஸ்டெப்னிக்கு வெட்டு இல்லை.

துருவை எடுக்க மணல் பீச்சி அடிப்பதானால் அந்தப் பற்களைத் துணி வைத்து அடைத்துவிடச் சொல்லுங்கள். மணல் பட்டால் தேய்ந்துவிடும். மாட்டும்போது பற்களுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். நடுவில் வருகிற காது வைத்த பெரிய நட்டு இடப்பக்கம் ஒரு திசையில் இறுகும், வலப்பக்கம் எதிர்த் திசையில் இறுகும். மாற்றி மாட்டினால் ஓடும்போது தானாகக் கழன்றுவிடும். செப்புச் சுத்தியலால்தான் அடிக்க வேண்டும். இரும்பால் அடித்தால் காது நசுங்கும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். மரக்குதிரை என்கிற தாங்கியில் சக்கரத்தை மாட்டி பப்பா ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுவார். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டு "நல்லது", "செத்தது" என்று சொல்ல வேண்டும். இறுக்கமான கம்பி மணி மாதிரிச் சொல்லும். தளர்ந்ததும் விரிசல் விட்டதும் மொட்டையாகச் சொல்லும். நான்தான் எப்போதும் ஜெயிப்பேன். அண்ணன் வேண்டுமென்றே தோற்றான் என்று இப்போது தோன்றுகிறது.

அதிகம் எழுதிவிட்டேன். அண்ணனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டிருந்தேன். முடிந்தால் ஒரு போட்டோ அனுப்பவும்.

சபின்

*

உப்பளம்
30 மே 2024

சபின் அவர்களுக்கு,

உங்கள் தூக்கம் சரியாகிவிட்டதா? பகலில் தூங்குகிறவர்கள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுவார்கள் என்று கேள்வி. போட்டுப் பாருங்கள்.

வெட்டு இருக்கிறது! மண்ணெண்ணெயில் துடைத்ததும் தெரிந்தது. இரண்டு வெட்டுப் போட்டதைத்தான் இவர் மடியில் வைத்திருந்தார்.

ஒரு கெட்டது நடந்துவிட்டது. மூன்று வெட்டுச் சக்கரத்தை வினோத்குமார் எடுத்துப்போயிருந்தார். நான் வேலை முடிந்து அவர் கடைக்குப் போனால், நீலக் கேனை வெட்டிய தொட்டியில் சக்கரம் பாதி முங்கிக் கிடக்கிறது. நெடி மூக்கை அடைக்கிறது.

"என்ன இது?"

"ஆசிட்க்கா. ஒரு மணி நேரத்துல துரு பூராப் போயிடும். நீங்க கையால தேய்ச்சி தேய்ச்சி சாவுறீங்களேன்னுதான்..."

"ஆசிட்டே ஆவாதுன்னு சொன்னேன் இல்ல?"

"அது குரோமுக்குதானக்கா சொன்னீங்க?"

அவர் மேல் தப்பில்லை. நான் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும் என்னையறியாமல் கத்திவிட்டேன். தெருவே பார்த்தது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். வினோத்குமார் சக்கரத்தை வெளியே எடுத்து, சோடா உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார். அந்தச் சக்கரத்தின் கம்பிகளை நம்ப வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். அளவு கொடுத்தால் சென்னையில் புதுக் கம்பி செய்து தருகிறார்கள். சொல்லியிருக்கிறோம். ரிம்மும் குடமும் தனித்தனியாக வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன.

ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வருகிறேன்.

மாலா

*

உப்பளம்
20 ஜூலை 2024

சபின் அவர்களுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று கவலையாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வேலை, நேரம் கிடைத்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

புதுக் கம்பிகள் வந்து கோத்தாகிவிட்டது. கோப்பது பெரிதில்லை, கோணல் எடுப்பதுதான் உயிரை வாங்குகிறது. ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி, எங்கே உரசுகிறதோ அங்கே ஒரு பக்கத்துக் கம்பியை இறுக்கி எதிர்ப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். ஒரு இடம் சரியானால் இன்னொரு இடம் கெடுகிறது. பக்கவாட்டு ஆட்டம் போனால் மேலும் கீழும் குதிக்கிறது. வினோத்குமார் "விடுக்கா, இது போதும்" என்கிறார். நான் விடவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தேன். முதலில் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. இப்போது செத்தது எது என்று எனக்கும் தெரிகிறது.

கம்பி முனைகள் ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருந்ததை அரத்தால் தட்டையாக்கி, ட்யூப் குத்தாமல் இருக்க ரப்பர் பட்டை போட்டோம். நாலு சக்கரத்துக்குப் பிரைமர் ஆயிற்று.

வீராம்பட்டினம் தேர் முடிந்த பிறகு டாக்டர் வருகிறேன் என்றிருக்கிறார். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

மாலா

*

துலூஸ்
12 ஆகஸ்ட் 2024

மாலா,

லூதோவிக் ஜூனில் புதுச்சேரி வந்திருந்தான். கல்லறைக்குப் போய் போட்டோ எடுத்து அனுப்பினான். முதலில் நான் நம்பவில்லை, வேறு யாருடையதையோ எடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் மரச்சிலுவையில் என் அண்ணன் பெயர் இருக்கிறது. மதிலோரம், வெறும் மண்ணில்.

எங்கள் குடும்பக் கல்லறையில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. பப்பாவும் மமாவும் அங்கே இருக்க, அவனை ஓரத்தில் கொண்டுபோய்ப் போட உனக்கு யார் உரிமை கொடுத்தது? நான் இரண்டு முறை கேட்டேன். நீ கம்பியைப் பற்றியும் பெயிண்ட்டைப் பற்றியும் எழுதினாய். என்னிடம் பப்பாவைப் பற்றிப் பேச வைத்தாய்.

பப்பா உன்னை வீட்டுக்குள் விடவில்லை என்பதற்கு இதுதான் பதிலா?

கையெழுத்துப் போட்ட தாள்கள் இதோடு இருக்கின்றன. காரைக் கொடுத்துவிடு.

சபின்

*

உப்பளம்
1 செப்டம்பர் 2024

சபினுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். குடும்பக் கல்லறைப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. என்னைக் கல்யாணம் செய்ததற்காக இவரை விலக்கிய பிறகு உங்கள் பப்பா அதை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டார். இது இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவர் போன மறுநாள் கல்லறை ஆபீசில்தான் சொன்னார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். "பத்திரம் யார் பேர்ல இருக்கோ அவங்க சம்மதம் வேணும்மா. கையெழுத்து அப்பறம் வந்தாப் போதும், இப்ப போன்ல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றார்.

இவர் போனில் உங்கள் நம்பர் இருந்தது. அதிலிருந்தும் அடித்தேன், என் போனிலிருந்தும் அடித்தேன். ஆபீஸ்காரரும் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். மறுநாள் காலையும் அடித்தோம். லூதோவிக்கிடம் சொல்லிவிட்டேன், அவரும் முயற்சி செய்தார் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் இவரை வைத்திருக்க முடியவில்லை.

நீங்கள் வேலையில் இருந்திருப்பீர்கள், போன் வேறு எங்கோ இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதையேதான் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட ஒவ்வொரு தடவையும் எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகள் வேறு ஊரில் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். இதைப் படித்துவிட்டு அந்த வீட்டில் தனியாக என்ன செய்வீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் சக்கரத்தைப் பற்றி எழுதினேன். உங்கள் பப்பாவுக்குப் பதில் சொல்ல அல்ல.

சக்கர வேலை முடிந்தது. ஐந்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் காய்ந்துவிட்டது. வெட்டுப் பார்த்து அந்தந்த மூலையில் மாட்டினோம். நட்டை நானே அடித்தேன். வண்டி கட்டையிலிருந்து இறங்கி நிற்கிறது.

மாலா

*

துலூஸ்
3 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கும் நேரம்.

இதோடு மூன்று தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, அண்ணனைக் குடும்பக் கல்லறைக்கு மாற்ற என் சம்மதம். இன்னொன்று, அடுத்த இடம் உங்களுக்கு என்று. மூன்றாவது, இனிமேல் பத்திரம் உங்கள் பெயருக்கு மாற. இந்தியத் தூதரகத்துக்குப் போய் முத்திரை வாங்கியிருக்கிறேன். உங்கள் மதம் என்ன என்று யாராவது கேட்டால் என்னைக் கேட்கச் சொல்லுங்கள்.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். தங்க ஹோட்டல் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்.

எழுதிக் கிழித்த தாள்கள் மேஜையில் கிடக்கின்றன.

சபின்

*

உப்பளம்
19 அக்டோபர் 2024

அன்புள்ள சபின்,

நல்லபடியாக வந்து சேர வேண்டும். ஹோட்டல் வேண்டாம். கூடம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. பெயிண்ட் வாசனை மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

டாக்டர் போன ஞாயிறு வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். கொடுப்பதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அந்த வண்டியில் ஏறியதில்லை. வீராம்பட்டினம் ரோடு வரை போனோம். வண்டி வேகம் எடுத்தது. சக்கரம் ஆடும், கழன்று ஓடும் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்கை விட்டார். வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போயிற்று. "பாத்தீங்களா? ஒரு நடுக்கமில்லீங்க" என்றார். திரும்பி வந்ததும் நான் இறங்கி நாலு நட்டையும் இன்னொரு தரம் அடித்து இறுக்கினேன். கொஞ்சம் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும், கடல் பக்கம் போனால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வண்டி தெரு திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

தாள்கள் கிடைத்தன. இவரை மாற்ற வேண்டாம். மறுபடியும் மண்ணைத் தோண்டுவதை என்னால் பார்க்க முடியாது. அந்த மதிலோரம் காலையில் நிழல் இருக்கிறது. சிமெண்ட் வைத்துக் கட்டினால் போதும். நீங்கள் வந்ததும் கட்டலாம். எனக்கென்று நீங்கள் எழுதிய இடம், பாகூரில் எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்களோ, அதை அப்புறம் பார்க்கலாம். ஆனால் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் அண்ணி,
மாலா

*

துலூஸ்
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே குளிர் எலும்பைக் குத்துகிறது. நீங்கள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் உடையாமல் வந்துவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சொன்ன மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டாம்.

கல்லறைத் திருநாள் அன்று சிமெண்ட் பூசி, மெழுகுவர்த்தி ஏற்றி முடித்தபோது நான் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நாட்களைப் பற்றி. அந்தப் போனைப் பற்றி. "வேணாம் சபின், வெயில் ஏறுது, வா"ன்னு சொல்லி என் கையிலிருந்த பூச்சுக் கரண்டியை வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் பின்னாலேயே வந்துவிட்டேன். நான் தங்கியிருந்த நாட்களில் ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை. விமானத்தில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போதெல்லாம் போன் அடித்தால் யார் நம்பர் என்று பார்ப்பதில்லை. எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் எதையாவது விற்கிறவர்கள்தான். அவர்களிடமும் "அலோ" என்று சொல்லி, அவர்கள் சொல்லி முடிக்கிறவரை கேட்கிறேன்.

அண்ணி, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. கல்லறைக்குப் போய்வந்து நீங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு இங்கே பொழுது விடிந்திருக்கும். கூப்பிடுங்கள். என் தமிழ் திக்கும், வார்த்தை கிடைக்காமல் நடுவில் நின்றுவிடுவேன். நீங்கள் வைத்துவிடாமல் இருங்கள்.

உங்கள்
சபின்